நம்பக்கூடிய காலநிலையும் நலமான வாழ்வும்



காலநிலை மாற்றத்தினால் ஏற்படும் விளைவுகள் மூன்றினைத் தருக என்று வினாத்தாளில் கேட்டால், உங்களில் அநேகர் என்ன எழுதுவீர்கள் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். பனிப்பாறைகள் உருகும், கடல்மட்டம் உயரும், துருவக் கரடிகள் அழியும். இவ்விடைகளில் பிழையில்லை. புள்ளிகளும் கிடைக்கும். ஆயினும் இவற்றை வாசிக்கும்போது ஒரு குறை தோன்றுகின்றது. துருவக் கரடியை நீங்களும் கண்டதில்லை, நானும் கண்டதில்லை. நாம் அன்றாடம் காணும் கிணறும் வயலும் தேயிலை மலையும் கரைவலையும் விடைத்தாளில் இடம்பெறுவதில்லை. காலநிலை மாற்றம் என்பது எங்கோ தொலைவில், யாருக்கோ நடக்கின்ற ஒன்று என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது.

அந்த எண்ணம் தவறானது என்பதே எனது கருத்து. உணவு, வீடு, கல்வி, சுகாதாரம் ஆகியவற்றை வாழ்க்கைத் தரத்தின் அளவுகோல்கள் என்று படிக்கின்றோம். அந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அதுவே நம்பக்கூடிய காலநிலை. அது கெட்டால் மற்றைய நான்கும் கெடும். முதலில் கெடுவது வசதி குறைந்தவர்களின் வாழ்வாகும். இக்கருத்தை நீங்கள் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கீழே தரப்படும் காரணங்களைச் சீர்தூக்கிப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

வானிலை வேறு, காலநிலை வேறு

முதலில் ஒரு தெளிவு வேண்டும். ஓரிடத்தில் குறிப்பிட்ட நாளில் நிலவும் வெப்பம், மழை, காற்று முதலியவற்றின் நிலை வானிலை எனப்படும். பல ஆண்டுகளுக்கு, பொதுவாக 30 ஆண்டுகளுக்கு, அவ்வானிலையை அவதானித்துப் பெறும் சராசரி நிலையே காலநிலையாகும். இன்று பின்னேரம் மழை வருமா என்று அம்மா வானத்தைப் பார்ப்பது வானிலை பற்றியது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வரும் என்று நம்பி அப்பா புரட்டாதியில் விதைநெல்லை எடுப்பது காலநிலை பற்றியது. முன்னையதில் எதிர்பார்ப்பு ஒரு நாள் பிழைத்தால் உடுப்பு நனையும். பின்னையதில் பிழைத்தால் ஒரு வருடத்துச் சோறு போய்விடும்.

நாட்காட்டிக்குள் இருக்கும் நம்பிக்கை

இலங்கையின் மழைவீழ்ச்சி நான்கு பருவங்களாக வகுக்கப்படுகின்றது. மார்ச், ஏப்பிரலில் முதலாம் இடைப்பருவ மழை. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஒக்ரோபர், நவம்பரில் இரண்டாம் இடைப்பருவ மழை. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. நீங்கள் மனனம் செய்துள்ள இந்த அட்டவணை, நம் முன்னோர் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து பார்த்து அறிந்துகொண்ட ஒழுங்கின் சுருக்கமாகும்.

வடக்கிலும் கிழக்கிலும் பெரும்போகம் இவ்வொழுங்கை நம்பியே நடைபெறுகின்றது. மானாவாரி நிலத்தில் புழுதி விதைப்புச் செய்யும் விவசாயி, மழை வருவதற்கு முன்னரே விதையை மண்ணில் போடுகின்றார். விதைநெல், உழவு, பசளை ஆகியவற்றுக்காகப் பலர் நகையை அடகு வைக்கின்றனர். தை, மாசியில் அறுவடை செய்து, நெல்லை விற்று, நகையை மீட்டு, பிள்ளைகளின் கொப்பி, புத்தகம் வாங்கி, மிஞ்சினால் ஒரு கலியாணத்துக்கு நாள் வைக்கின்றனர். இத்தனைக்கும் அடியில் இருப்பது, மழை வரவேண்டிய காலத்தில் வரும், நிற்கவேண்டிய காலத்தில் நிற்கும் என்ற நம்பிக்கை மாத்திரமே.

கடற்றொழிலாளருக்கும் இதுவே நியதி. சோளகம் எப்போது எழும்பும், வாடை எப்போது வீசும் என்பதைக் கொண்டே எந்தக் கரையில் வாடி அமைப்பது, எந்த மீனுக்கு எந்த வலை என்பதையெல்லாம் தீர்மானிக்கின்றனர். மலையகத்தில் மழை தவறினால் தேயிலைக் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் வேலை நாட்களும் குறையும். நகரத்தில் வாழ்வோர் தமக்கு இது பொருந்தாது என்று எண்ணலாம். ஆனால் 1996 ஆம் ஆண்டு வரட்சியினால் நீர்மின் நிலையங்களின் நீர்த்தேக்கங்கள் வற்றியபோது, நாடு முழுவதும் நாளாந்தம் பல மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டது. மழை மலைநாட்டில் பெய்யாமற்போக, கொழும்பிலும் மெழுகுதிரி ஏற்றவேண்டி வந்தது.

பத்தாயிரம் ஆண்டுக் கொடை

மனித குலத்தின் வரலாற்றை எடுத்து நோக்கினாலும் இவ்வுண்மை புலப்படும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் புவியானது பனியுகத்தில் இருந்தது. அன்றைய புவியின் சராசரி வெப்பநிலை, கைத்தொழில் புரட்சிக்கு முன்னிருந்ததைவிட 5 பாகை செல்சியஸ் அளவு அல்லது அதற்குச் சற்று மேலாகக் குறைவாகவே இருந்தது. ஐந்து பாகை என்றால் சிறிது போலத் தோன்றும். ஆனால் அச்சிறு வேறுபாட்டில் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை தரையாக இருந்தது. இலங்கை ஒரு தீவாகவே இருக்கவில்லை.

ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன்னர் அந்த யுகம் முடிவுற்றது. அதன் பின்னர் காலநிலை ஓரளவு சீரான நிலைக்கு வந்தது. விவசாயம், கிராமம், நகரம், எழுத்து, அரசு, பாடசாலை யாவும் இச்சீரான காலத்தினுள் தோன்றியவையே. இன்று விதைத்தால் நான்கு மாதத்தில் அறுக்கலாம் என்ற உறுதி இல்லாதவிடத்து எவரும் வயலைத் திருத்த மாட்டார், குளத்தைக் கட்ட மாட்டார். நாகரிகத்தின் அத்திவாரங்களுள் ஒன்று சீரான காலநிலை எனக் கூறின் அது மிகையாகாது.

ஒழுங்கு ஏன் குலைகின்றது?

சூரியனிடமிருந்து வரும் வெப்பத்தில் ஒரு பகுதியைப் புவி மீண்டும் வெளியே கதிர்க்கின்றது. அதனை வளிமண்டலத்திலுள்ள காபனீரொட்சைட்டு, மெதேன், நீராவி போன்ற பச்சைவீட்டு வாயுக்கள் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. இவ்வாயுக்கள் அறவே இல்லையெனில் புவி உறைந்துபோகும். எனவே பச்சைவீட்டு விளைவு தன்னளவில் தீயதன்று. அளவு மிஞ்சுவதே தீமையாகும்.

கைத்தொழில் புரட்சிக்கு முன்னர் வளிமண்டலத்தின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்கு காபனீரொட்சைட்டு இருந்தது. ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் 1958 ஆம் ஆண்டு சார்ள்ஸ் கீலிங் என்ற விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது அது சுமார் 315 ஆக இருந்தது. இன்று 420 ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, பெற்றோலியம், இயற்கை வாயு ஆகியவற்றை எரிப்பதும் காடழிப்புமே இதற்கான பிரதான காரணங்களாகும். 2024 ஆம் ஆண்டில் புவியின் சராசரி வெப்பநிலை கைத்தொழில் புரட்சிக்கு முன்னிருந்ததைவிட ஏறத்தாழ 1.5 பாகை செல்சியஸ் அதிகமாக இருந்ததென உலக வளிமண்டலவியல் அமைப்பு அறிவித்தது. அளவிடத் தொடங்கிய காலம்முதல் மிக வெப்பமான ஆண்டு அதுவேயாகும்.

இவ்விடத்தில் பரீட்சையில் வழமையாக நேரும் இரு தவறுகளையும் சுட்டிக்காட்ட விரும்புகின்றேன். ஓசோன் படை மெலிதல் வேறு, புவி வெப்பமடைதல் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதாதீர்கள். அவ்வாறே 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை கடலடிப் பூமியதிர்ச்சியினால் உண்டானது. அது காலநிலை மாற்றத்தின் விளைவன்று.

ஒரே ஆண்டில் வரட்சியும் வெள்ளமும்

புவி வெப்பமடைந்தால் மழை குறையுமா, கூடுமா என்று மாணவர் பலர் கேட்பதுண்டு. இரண்டும் நடக்கலாம் என்பதே விடை. வளி ஒரு பாகை செல்சியஸ் வெப்பமடையும்போது அது கொள்ளக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 வீதத்தால் அதிகரிக்கின்றது. அதனால் மழையற்ற நாட்களில் நிலமும் குளமும் விரைவாக வரண்டுபோகின்றன. பெய்யும் நாட்களில் மழை கொட்டித் தீர்க்கின்றது. மாதம் முழுதும் பெய்யவேண்டியது இரண்டு நாளில் பெய்தால், மழைமானி காட்டும் அளவு ஒன்றாக இருக்கலாம். ஆனால் பயிருக்கு அது மழையன்று, வெள்ளம்.

இலங்கையின் 2017 ஆம் ஆண்டை உதாரணமாகக் கொள்வோம். முந்திய ஆண்டின் இறுதியில் வரவேண்டிய மழை போதியளவு பெய்யாமையால் உலர் வலயத்தின் குளங்கள் நிரம்பவில்லை. 2016 இல் சுமார் 44 இலட்சம் மெற்றிக் தொன்னாக இருந்த நாட்டின் நெல் உற்பத்தி, 2017 இல் சுமார் 24 இலட்சமாகக் குறைந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை, காலி முதலிய மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டு இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தேங்கிய மழைநீரும் அகற்றப்படாத குப்பையும் நுளம்பு பெருக வழிசெய்தன. அவ்வாண்டில் 186,000 இற்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவாகினர். ஒரு சிறு தீவில், ஒரே ஆண்டில், ஒருபுறம் குடிநீர் பவுசருக்கு வரிசை. மறுபுறம் படகில் மீட்பு. உணவு, வீடு, சுகாதாரம் மூன்றும் ஒருமித்துப் பாதிக்கப்பட்டமையை இங்கு காணலாம்.

மழை பெய்யும் காலம் தவறுவதும் பெருந்தீங்கே. 2011 ஜனவரி, பெப்ரவரியில் கிழக்கு மாகாணத்தில் பெய்த பெருமழை, விளைந்து நின்ற பெரும்போக நெல்லை மூழ்கடித்தது. பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் அதனால் பாதிக்கப்பட்டனர். வெப்பமும் அவ்வாறே. நெற்பயிர் பூக்கும் வேளையில் வெப்பநிலை 35 பாகை செல்சியசைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு மணிகள் பதராகின்றன. வெளியே பார்த்தால் பயிர் பச்சையாகவே நிற்கும். கதிரைக் கையில் எடுத்த பின்னரே நட்டம் தெரியும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை இன்னொரு வகையானது. அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லின் அடியில் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரையே கிணறுகள் தருகின்றன. மழைநீர் உள்ளிறங்குவது குறைந்து, நாம் இறைப்பது கூடி, கடல்மட்டமும் உயருமானால் அந்நன்னீர்ப் படை மெலிந்து கிணறு உவராகும். கிணறு உவரானால் தோட்டம் கைவிடப்படும். தோட்டம் கைவிடப்பட்டால் ஊர் கைவிடப்படும்.

யார் விலை கொடுக்கின்றனர்?

2014 ஒக்ரோபர் 29 ஆம் திகதி காலையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தை, மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன் குடியிருப்புகளை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைக் கடந்தபோது 600 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மத்திய மலைநாட்டின் மண்சரிவுகளே அவற்றுள் பெரும் பங்கை எடுத்தன. அந்நாட்களில் நடைபெற்றுக்கொண்டிருந்த க.பொ.த. உயர்தரப் பரீட்சையும் இடைநிறுத்தப்பட்டு, அடுத்த ஆண்டு ஜனவரியிலேயே தொடரப்பட்டது. பரீட்சைக்காக இப்புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இரண்டு வருடம் படித்த பாடம், சேற்றில் போன கொப்பிகள், இடம்பெயர்ந்த முகாமில் மீண்டும் படிப்பு. காலநிலைக்கும் கல்விக்கும் உள்ள தொடர்பு இதுவே.

இவ்வனர்த்தங்களில் ஒரே மழை எல்லோர் மீதும் பெய்தது. ஆனால் எல்லோரையும் ஒரே அளவில் தாக்கவில்லை. செங்குத்தான சரிவில் குடியிருப்பவர், ஆற்றங்கரையில் தகரக் கூரையின்கீழ் வாழ்பவர், நாட்கூலியை நம்பியிருப்பவர் ஆகியோரே அதிகம் இழந்தனர். உலகளவிலும் அவ்வாறே. இலங்கையர் ஒருவர் ஆண்டொன்றுக்கு வெளியேற்றும் காபனீரொட்சைட்டு சராசரியாகச் சுமார் ஒரு தொன். உலக சராசரி நான்கு தொன்னுக்கு மேல். ஐக்கிய அமெரிக்காவில் அது சுமார் 14 தொன். நெருப்பு மூட்டியவர் வீடு ஓரிடம், புகை நிறையும் வீடு வேறிடம். காலநிலையைக் காப்பது சூழற்கல்விக்குரிய விடயம் மாத்திரமன்றி, நீதிக்குரிய விடயமும் ஆகும் என்று நான் கூறுவதற்குக் காரணம் இதுவே.

மறுப்போர் கூறுவன

நல்ல கட்டுரை எழுதுபவர் எதிர்க்கருத்தையும் நேர்மையாக எடுத்து நோக்கவேண்டும். இவ்விடயத்தில் மூன்று எதிர்க்கருத்துகள் பொதுவாகக் கூறப்படுகின்றன.

முதலாவது, புயலும் வரட்சியும் என்றும் இருந்தவைதாமே என்பது. உண்மையே. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்து மன்னாரையும் தாக்கியது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி சிதைத்தது. ஆகவே ஒவ்வோர் அனர்த்தத்தையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுவது தவறாகும். மலைச்சரிவில் முறையின்றிக் கட்டுவதும் வடிகாலை அடைப்பதும் நம் பிழைகள். ஆயினும், புவி வெப்பமடையும்போது கடும் மழையும் கடும் வெப்பமும் அடிக்கடி நிகழும், வன்மையும் கூடும் என்று விஞ்ஞானிகள் ஆதாரத்துடன் காட்டியுள்ளனர். முன்பும் காய்ச்சல் வந்தது என்பதற்காக இன்று கூடும் காய்ச்சலைக் கவனியாது விடுவோமா?

இரண்டாவது, நாடு அபிவிருத்தி அடைந்தால் எந்தக் காலநிலையையும் சமாளிக்கலாம் என்பது. இதிலும் பாதி உண்மை உண்டு. 1970 இல் இன்றைய பங்களாதேஷைத் தாக்கிய சூறாவளியில் மூன்று இலட்சம் அளவிலான மக்கள் மாண்டனர். அதே நாட்டில் 2020 இல் அம்பன் சூறாவளியின்போது இறந்தோர் நூற்றுக்கும் குறைவு. இரண்டும் ஒரே அளவான புயல்கள் அல்ல. எனினும் முன்னெச்சரிக்கையும் புகலிடங்களும் உயிர் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் உயிர் தப்பியவரின் வயலும் ஆடுமாடும் தப்புவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் கட்டியதையே திரும்பக் கட்டும் நாடு எப்போது முன்னேறும்?

மூன்றாவது, நாம் வெளியேற்றுவது சிறிதளவே, நாம் மாறி என்ன பயன் என்பது. இதில் நியாயம் உண்டு. பெரிய நாடுகளே பெருஞ்சுமையைச் சுமக்க வேண்டும். அதற்காகவே 2015 இல் பரிஸ் உடன்படிக்கை ஏற்பட்டது. பாதிக்கப்படும் நாடுகளுக்கு உதவ இழப்பு மற்றும் சேத நிதியம் அமைக்க 2022 இல் இணக்கம் காணப்பட்டது. எனினும் நியாயம் கேட்கும் நாடு தன் வீட்டையும் ஒழுங்காக வைத்திருத்தல் வேண்டும். குளத்தைத் தூர்த்துவிட்டு வரட்சிக்கு நட்டஈடு கேட்பது எவ்வாறு?

நாம் செய்யக்கூடியவை

நம் நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. உலர் வலயத்தில் ஒரு குளத்தின் மிகைநீர் அடுத்த குளத்துக்குச் சேரும் வண்ணம் தொடராகக் கட்டப்பட்ட சிறு குளங்கள், சீரற்ற மழையைச் சீரான நீராக மாற்றிய பொறிமுறையாகும். அவற்றைத் தூர்வாரிக் காப்பதே முதற்பணி. கண்டல் காடுகளைப் பேணுதல், ஆபத்தான சரிவுகளில் வாழ்வோருக்குப் பாதுகாப்பான காணியும் வீடும் வழங்குதல், மழைநீரைக் கிணற்றடியிலேயே நிலத்தினுள் இறக்குதல், சூரிய சக்தியையும் காற்றுச் சக்தியையும் பெருக்குதல், எச்சரிக்கைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் உரிய வேளையில் கடைசி வீடு வரை சேர்த்தல் ஆகியன ஏனையவை. இவற்றிற் பல அரசின் கடமைகள். அவற்றைக் கேட்டுப் பெறுவது குடிமக்களின் கடமை. இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் வாக்காளர்கள் ஆவீர்கள்.

இன்றைக்கு உங்களால் முடிந்த ஒன்றும் உண்டு. பாடசாலையில் ஒரு மழைமானியை வைத்து, நாள்தோறும் பெய்யும் மழையைக் கொப்பியில் குறியுங்கள். ஊரிலுள்ள முதியவர்களிடம், தாம் இளமையில் எந்த மாதத்தில் விதைத்தனர், கிணற்றில் எத்தனை படி நீர் நின்றது என்று கேட்டு எழுதுங்கள். அப்போது காலநிலை மாற்றம் என்பது மனனம் செய்யும் மூன்று வரிகளாக இராது. உங்கள் ஊரின் வரலாறாக இருக்கும்.

மாணவர்களே, நம் பாட்டன்மார் நமக்கு விட்டுச்சென்ற முதுசம் காணியும் வீடும் மாத்திரமல்ல. புரட்டாதியில் விதைத்தால் தையில் அறுக்கலாம் என்ற நம்பிக்கையும் அவர்கள் விட்டுச்சென்றதே. காணிக்கு உறுதி உண்டு, வேலி உண்டு, வழக்காட நீதிமன்றம் உண்டு. இந்த முதுசத்துக்கு இவை எவையுமில்லை. அதன் பெறுமதியை உணர்ந்தவர்களே அதற்குக் காவல். அடுத்த முறை விடைத்தாளில் காலநிலை பற்றி எழுதும்போது, துருவக் கரடியை எழுதுங்கள். அதற்கு முன் உங்கள் ஊர்க் கிணற்றை எழுதுங்கள்.

சிந்தித்து எழுதுக

1. உங்கள் பிரதேசத்தில் பருவமழையை நம்பி நடைபெறும் தொழில்கள் இரண்டைக் குறிப்பிட்டு, மழை ஒரு மாதம் பிந்தினால் அவற்றுக்கு ஏற்படக்கூடிய விளைவுகளை விளக்குக.

2. ஒரே ஆண்டில் வரட்சியும் வெள்ளமும் ஏற்படக்கூடியவாறு எங்ஙனம்? காரணம் தருக.

3. "காலநிலையைப் பாதுகாப்பது நீதி சார்ந்த விடயமாகும்." இக்கூற்றை நீர் ஏற்றுக்கொள்கின்றீரா? ஆதரித்தோ மறுத்தோ உமது கருத்தை எழுதுக.